கர்ட் ஃபிளட்டுக்கு ஏன் இன்னும் இடமில்லை?

அமெரிக்க பேஸ்பாலின் பெரிய வீரர்களைக் கௌரவிக்கும் கூப்பர்ஸ்டவுன் ஹால் ஆஃப் ஃபேமில், 1960களில் ஆடிய கர்ட் ஃபிளட்டின் பெயர் இன்னும் இல்லை. எனக்கு இது ஆறவே மாட்டேன் என்கிறது.

வேண்டாம் என்பவர்கள் கணக்கைக் காட்டுவார்கள்: பந்தை அடித்துத் தளம் சேர்ந்த ஹிட் 1,861, பேட்டிங் சராசரி .293, அது போதாது. சரி, மட்டையை மட்டும் பார்த்தால் அப்படித்தான். ஆனால் சென்டர் ஃபீல்டில் நின்று, சிறந்த ஃபீல்டருக்கான கோல்ட் க்ளவ் விருதை வரிசையாக ஏழு முறை வாங்கியவர். 1966 முழுக்க ஒரு பிழைகூடச் செய்யவில்லை. சாம்பியனை முடிவு செய்யும் 1968 உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தில் அவர் பிடிக்காமல் தலைக்கு மேல் போன ஒரு பந்தையே இன்றும் பேசுவது நியாயமா?

1969இல் செயின்ட் லூயிஸ் அணி அவரை ஃபிலடெல்ஃபியாவுக்குக் கைமாற்றியது. அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒப்பந்தம் முடிந்தாலும் வீரர் அணிக்கே சொந்தம் என்ற காலம் அது. அந்த டிசம்பர் 24 அன்று பேஸ்பாலை நிர்வகிக்கும் கமிஷனருக்குக் கடிதம் எழுதினார்: 12 வருடம் ஆடிய பிறகு, என் விருப்பத்தைக் கேட்காமல் வாங்கி விற்கும் சொத்து நான் இல்லை என்று. ஒரு கறுப்பின வீரர் எழுதிய வரி இது. வருடம் 90,000 டாலர் சம்பளத்தை விட்டுவிட்டு வழக்குப் போட்டார். 1970 முழுக்க ஆடவில்லை. 1972இல் உச்ச நீதிமன்றத்தில் 5-3 எனத் தோற்றார்.

மூன்றே வருடத்தில் வேறு இரண்டு வீரர்கள் மூலம் அந்தக் கட்டு உடைந்தது. அப்புறம் வந்த கோடிகளில் அவருக்கு ஒரு காசு கிடைக்கவில்லை. 1997இல் இறந்துவிட்டார். வீரர்கள் சங்கத்தை நடத்திய மார்வின் மில்லரை 2020ஆம் ஆண்டுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்கள். முதலில் கழுத்தை நீட்டியவர் இன்னும் வெளியே நிற்கிறார்.