சார்ஜ் ஏறாததற்குக் காரணம் எர்த் போல்ட்

வழி பார்க்க வண்டியில் மாட்டிய போன் ஒருவழியாக ஒழுங்காகச் சார்ஜ் ஏறுகிறது! இன்று காலை தண்டையார்பேட்டையிலிருந்து எக்ஸ்பிரஸ் ரோடு பிடித்து எண்ணூர் போய்த் திரும்பினேன். கிளம்பும்போது 62 சதவீதம், வாசலில் இறங்கும்போது 81. மூன்று வாரம் மல்லுக்கட்டியதற்குப் பலன்.

எந்தக் கருவி என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. பைக்குக்கென்றே வரும் வழிகாட்டிக் கருவியான கார்மின் ஜூமோ வாங்கும் காசில் கொல்லிமலைக்குப் பல தடவை போய் வரலாம். அதனால் பழைய ஆண்ட்ராய்டு போன், அதில் நெட் இல்லாமலே ஓடும் ஓஎஸ்எம்ஆண்ட் என்ற மேப் ஆப், தமிழ்நாடு வரைபடம் முழுக்க இறக்கி வைத்தாயிற்று. மலையில் டவர் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் பாட்டுக்கு வேலை செய்யும். நல்ல போனை ஹேண்டில்பாரில் மாட்ட மனசு வராது. பைக் அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிளே 2021-இல் எச்சரித்திருக்கிறது.

சிக்கல் கரண்டில்தான். பேட்டரியிலிருந்து 5 ஆம்ப் பியூஸ், ரிலே (சின்ன கரண்டில் தூண்டினால் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்), ரிலேயைத் தூண்ட பார்க்கிங் லைட் ஒயர், எல்லாம் முறையாகத்தான் போட்டேன். ஆனாலும் சார்ஜ் குறி வரும், போகும். கேபிளை மூன்று முறை மாற்றினேன். சார்ஜரையே மாற்றினேன். மெக்கானிக் அண்ணன், "பேட்டரி வீக்கா இருக்கு தம்பி, மாத்திடு" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை, செல்ஃப் நன்றாகத்தான் எடுத்தது.

மல்டிமீட்டரை எடுத்தேன். சார்ஜருக்குப் போகும் ஒயரில், போன் மாட்டாதபோது 12.4 வோல்ட். போனை மாட்டியதும் 9.8. பிளஸ் பக்கம் இறக்கமே இல்லை. அப்புறம் ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறுமுனையைச் சார்ஜரின் கறுப்பு ஒயரிலும் வைத்தேன். அதுதான் எர்த், கரண்ட் பேட்டரி மைனஸுக்குத் திரும்பும் வழி. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய இடத்தில் 2.6! திருட்டுப் போன மொத்த வோல்ட்டும் அங்கேதான் இருந்தது. கறுப்பு ஒயரை ஹெட்லைட் பிராக்கெட் போல்ட்டில் முடுக்கியிருந்தேன். கழற்றிப் பார்த்தால் வாஷருக்கு அடியில் பெயிண்ட், அதன் மேல் துரு, செம்பு இழைகளில் பச்சைக் களிம்பு. கடற்காற்று தினமும் அடிக்கிற ஊரில் போல்ட்டை நம்பி எர்த் எடுக்கவே கூடாது.

கறுப்பு ஒயரைத் தனியாக நீட்டிப் பேட்டரி மைனஸுக்கே கொண்டுபோனேன். டெர்மினலை உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்து, முடுக்கி, மேலே வாசலின் தடவினேன். இப்போது அதே அளவு 0.04 வோல்ட். அந்த எண்ணைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

ரிலேயைப் புதுப்பேட்டையில் வாங்கினேன். ஒயரை ரிச்சி தெருவில் வாங்குங்கள், ஆனால் நுனியைச் சீவிக் காட்டச் சொல்லிச் செம்பைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினியத்தை அதே விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் ஜிபிஎக்ஸ் பாதை (ஆப்பில் ஏற்றும் வழித்தடக் கோப்பு) போட்டு வைத்தாயிற்று. போனைப் பிடிக்கும் மவுண்ட்டுக்கு அதிர்வு தாங்கும் ரப்பர் இன்னும் வாங்கவில்லை. உச்சி வெயிலில் போன் சூடாகித் திரை மங்குகிறது. அதற்குப் பழைய பிளாஸ்டிக் ஃபைல் அட்டையில் ஒரு குடை வெட்டி வைத்திருக்கிறேன், ஒட்டுவதுதான் பாக்கி.