கீட்டனின் சுவர் ஒருவழியாக நேராக விழுந்தது

நேற்று ராத்திரி, 23-வது முயற்சியில், சுவர் விழுந்தது. பொம்மை அசையாமல் நின்றது. எனக்குக் கை நடுங்கிவிட்டது.

'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' (1928) என்ற மௌனப் படத்தில் புயலடிக்கும்போது வீட்டின் முகப்பு மொத்தமாகப் பெயர்ந்து நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டன் மேல் சாயுமே, திறந்த மாடி ஜன்னல் சரியாக அவர் மேல் வந்து இறங்குவதால் அடிபடாமல் நிற்பாரே, அந்த முகப்பைத்தான் 12-ல் 1 பங்கு அளவில் செய்துகொண்டிருக்கிறேன். பலகை ஒட்டியது, சட்டம் அடித்தது எல்லாம் வழக்கமான வேலை. என்னைப் படுத்தி எடுத்தது மாடி ஜன்னலின் உயரம்.

பொம்மை 13.8 செ.மீ. கீலிலிருந்து 36 செ.மீ. தள்ளி நிற்கிறது. அதனால் ஜன்னலின் நடுவும் 36-ல் இருந்தால் போதும் என்று 4 செ.மீ. உயரமுள்ள திறப்பாக வெட்டினேன். ஒவ்வொரு தடவையும் மேல்சட்டம் உச்சந்தலையில் அடித்துப் பொம்மையைக் குப்புறத் தள்ளியது. சுவர் சுழன்று வருகிறது. தரையைத் தொடுவதற்கு முன்பே தலையைத் தாண்டியாக வேண்டும். கீலிலிருந்து உச்சந்தலைக்குச் சாய்வாக நூல் பிடித்தால் 38.6, நெற்றியையும் சேர்த்தால் 39.5. குதிகால் 35-ல். ஆக, 34.5 முதல் 40 வரை திறந்திருக்க வேண்டும். மேலும் கீழும் அரை செ.மீ. இடைவெளி. நிஜ அளவில் அது 6 செ.மீ. கீட்டன் தனக்கு வைத்துக்கொண்டது 2 அங்குலம், அதாவது 5 செ.மீ.! கணக்கு அங்கே போய் நின்றதும் கொஞ்ச நேரம் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவர் குதிகால் வைக்கத் தரையில் ஆணி அடித்து அடையாளம் போட்டாராம். நான் 2 குண்டூசி குத்தியிருக்கிறேன்.

அடுத்தது கீல். ஆன்லைனில் வாங்கிய குட்டிப் பித்தளைக் கீல்கள் மகா மட்டம், அத்தனையிலும் ஆட்டம். சுவர் 3 மி.மீ. பக்கவாட்டில் விலகித் தோளை உரசியது. கடைசியில் பக்கத்துத் தெரு ஹார்டுவேர் கடையில் ஒரே நீளப் பட்டையாக வரும் பியானோ கீல் வாங்கி, ஹேக்ஸா பிளேடால் அறுத்து முழு நீளத்துக்கும் போட்டேன். ஆட்டம் போயே போச்சு.

எடையும் முக்கியம். முதலில் செய்த ஃபோம் போர்டு சுவர் காற்றில் மிதந்து, முறுக்கிக்கொண்டு இறங்கியது. இப்போது 3 மி.மீ. பிளைவுட், பின்பக்கம் தூண்டில் ஈயம். படத்துக்காக கலிபோர்னியாவின் சாக்ரமென்டோ ஆற்றங்கரையில் போட்ட செட்டில் நிஜச் சுவரின் எடை சுமார் 2 டன். சுற்றிலும் விமான எஞ்சின் வைத்த காற்று மெஷின்கள் இருந்தும், சுவர் மேல் மட்டும் காற்று படாமல் பார்த்துக்கொண்டார்கள். கொஞ்சம் முறுக்கினாலும் ஜன்னல் இடம் மாறிவிடும், அடியில் நிற்பது உயிருள்ள மனிதர்.

வீடியோவை நொடிக்கு 120 ஃபிரேமில் எடுத்து 30-ல் ஓட்டுங்கள். இந்த அளவு மாடலுக்கு விழும் வேகம் கிட்டத்தட்ட சரியாக வரும்.

அப்புறம், 'ஒன் வீக்' (1920) படத்தில் புயலில் சுழலும் வீட்டையும் செய்யப்போகிறேன். அதற்குச் சாப்பாட்டு மேஜையில் வைக்கும் சுழல்தட்டின் பேரிங் தேடிக்கொண்டிருக்கிறேன், 20 செ.மீ. விட்டத்தில் கிடைத்தால் சொல்லுங்கள். இந்த முகப்புக்கு இன்னும் பெயின்ட் அடிக்கவில்லை. அடித்தால் சட்டத்தின் தடிமன் கூடும், ஜன்னலை மறுபடி அளக்க வேண்டும்.