நிழல் விழக் கூடாத இடம்

பசுமைத் திட்ட வரைபடத்தில் பச்சை அடித்திருந்த ஒரு இடத்தை நானே அழித்தேன். அழித்தது சரி என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனாலும் அந்த முடிவு மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது.

தென்கடல் பக்கம், ஊருக்கும் அலைக்கும் நடுவில் இருக்கிற மணல் திடல். செயற்கைக்கோள் படத்தில் வெறும் வெள்ளை, ஆவணத்தில் புறம்போக்கு. நகரத் திட்டமிடலுக்கான மத்திய அரசின் 2014 வழிகாட்டுதல் ஆளுக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி இருக்கட்டும் என்கிறது. எங்கள் கணக்கு அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. இந்த நிலையில் இவ்வளவு பெரிய மணல் கண்ணில் பட்டால் யார் விடுவார்கள்? கடலைப் பார்த்துப் பனை, உள்ளே பூவரசு, புன்னை என்று வரைந்தேன். எல்லாம் உப்புக்காற்று தாங்குகிற மரங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு பல கரைகளில் சவுக்கை நட்டு, படகு ஏற்றவும் வலை உலர்த்தவும் இடம் குறைந்துபோனது தெரியும் என்பதால் படகுக்கு வழியும் விட்டிருந்தேன்.

ஊர்க் கூட்டத்தில் ஒரு அக்கா படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மரம் வச்சா நிழல் விழும். நிழல் விழுந்தா நெத்திலி எப்படித் தம்பி காயும்?"

"ஓரமாத்தான் அக்கா வைக்கிறோம்."

"மேற்கு ஓரத்து மரம் சாயங்காலம் எதுவரைக்கும் நிழல் விடும்னு வந்து பாருங்க. காத்தையும் மறிக்கும்."

போய்ப் பார்த்தேன். பழைய வலையை விரித்து, நெத்திலியை ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி, கையால் புரட்டிக்கொண்டே இருக்கிறார்கள். நல்ல வெயிலும் காற்றும் இருந்தால் ஒரே நாளில் சலசலவென்று ஆகிவிடுகிறது. ஈரம் நின்றால் வயிறு உடைந்து நாறிப்போகும், அப்புறம் கோழித் தீவனத்துக்குத்தான். பக்கத்திலேயே கடற்பாசி காய்கிறது, அதற்கும் இதே வெயில். நாங்கள் படித்த பாடத்தில் நிழல் என்றால் எங்கேயும் நல்லதுதான். இந்தத் திடலில் வெயில்தான் சொத்து.

அழித்துவிட்டேன். மரங்களைப் பஸ் ஸ்டாப்புக்கும், மீன் ஏலம் நடக்கிற இடத்துக்கும், ஊருணிக் கரைக்கும் மாற்றினேன். அதையும் சொன்னது அந்த அக்காதான்: "மரமே வேண்டாம்னு நான் சொல்லலையே, நாங்க நிக்கிற இடத்துல வைங்க."

சிக்கல் அதற்குப் பிறகுதான். பச்சையை எடுத்ததும் அந்த இடம் படத்தில் மறுபடி காலி நிலம். பூங்கா, பசுமைப் பட்டை, நீர்நிலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் இருந்தது. மீன் காய்கிற இடத்துக்கு நிறம் இல்லை. ஒன்று சேர்க்கலாமா என்று கேட்டேன். "பட்டியல்ல இல்லாததுக்கு நிதி கேட்க முடியாது, விடுங்க" என்றார் அலுவலகத்தில் மூத்தவர். கொஞ்ச காலம் கழித்து, சுற்றுலா வண்டிகள் நிறுத்த அந்தத் திடலைக் கேட்டு ஒரு யோசனை வந்தது. இடம் காலி என்பதற்கு எங்கள் படத்தையே காட்டினார்கள்.

2011 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மீன் உலர்த்தும் இடங்களையும் மீனவர்களின் பொது இடங்களையும் வரைபடத்தில் குறிக்கச் சொல்லியிருந்தது. அதை இணைத்துக் கடிதம் கொடுத்திருக்கிறேன். இன்னும் முடிவாகவில்லை.

பச்சையாகவே விட்டிருந்தால் யாரும் தொட்டிருக்க மாட்டார்களோ? மரத்தை வெட்டினால் நாலு பேர் கேட்பார்கள், மணலைக் கேட்க ஆள் கிடையாது. படத்தில் மட்டும் பச்சை இருக்கட்டும், தரையில் ஒரு கன்றும் நட வேண்டாம் என்று விட்டிருக்கலாமோ என்றும் தோன்றும். ஆனால் அப்படி விட மாட்டார்கள். 2022-ல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தின் வன, மரப் பரப்பை 33 சதவீதத்துக்குக் கொண்டுபோகப் பார்க்கிறது. நல்ல நோக்கம், எனக்கும் அதில் முழு ஈடுபாடு உண்டு. அதனால்தான் தெரியும், பச்சை என்று எழுதிய இடத்துக்குக் கன்று வந்தே தீரும். பூவரசு சீக்கிரம் வளர்கிற மரம். நிழல் இறங்க ஆரம்பித்ததும் பெண்கள் வெயில் தேடி ரோட்டோரத்துக்குப் போயிருப்பார்கள். அங்கே லாரிப் புழுதியில் காய்ந்த நெத்திலிக்கு எந்த வியாபாரி நல்ல விலை கொடுப்பார்?