பெர்னாவர் தெருவின் ஜன்னல்கள்

பெர்லின் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில், கிழக்கு பெர்லினுக்கும் மேற்கு பெர்லினுக்கும் நடுவே சோதனைச் சாவடியாக இருந்த செக்பாயிண்ட் சார்லிக்குத்தான் போகிறார்கள். நாங்களும் போனோம். 1961 அக்டோபரில் அமெரிக்க டாங்கிகளும் சோவியத் டாங்கிகளும் எதிரெதிரே சுமார் 16 மணி நேரம் முறைத்துக்கொண்டு நின்ற இடம் அது. இப்போது நினைவுப் பொருள் கடைகளும் கூட்டமும்தான். கொஞ்ச நேரத்தில் கிளம்பிவிட்டோம். பனிப்போர் என்பது எனக்கு உறைத்தது மறுநாள் காலை, பெர்னாவர் தெருவில்.

பார்க்கச் சாதாரணமான தெரு. நடுவில் டிராம் ஓடுகிறது. ஒரு பக்கம் அடுக்குமாடி வீடுகள், எதிர்ப்பக்கம் நீளமாகப் புல்வெளி. அந்தப் புல்வெளியிலும் ஒரு காலத்தில் வரிசையாக வீடுகள் இருந்தன. வீடு இருந்தது சோவியத் வசமிருந்த கிழக்கு பெர்லினில். வாசற்படி இறங்கி நடைபாதையில் கால் வைத்தால் அது பிரெஞ்சுப் படையின் பொறுப்பிலிருந்த மேற்கு பெர்லின். 1945-ல் ஜெயித்த நாடுகள் நகரத்தைப் பங்கு போட்டபோது கோடு அப்படி விழுந்துவிட்டது.

1961 ஆகஸ்ட் 13, ஞாயிற்றுக்கிழமை. ஊர் கண் விழிப்பதற்குள் கிழக்கு ஜெர்மனி ஆட்கள் எல்லையில் முள்கம்பி போட்டுவிட்டார்கள். பின்னால் பெர்லின் சுவராக ஆனது அதுதான். அப்புறம் இந்த வீடுகளின் வாசல்களை அடைத்தார்கள். ஜனங்கள் ஜன்னல் வழியாகக் குதித்தார்கள். மேற்குப் பக்கத்துத் தீயணைப்பு வீரர்கள் கீழே துணியை விரித்துப் பிடித்தார்கள். ஆகஸ்ட் 22-ம் தேதி காலை, ஈடா சீக்மன் என்ற 58 வயதுப் பெண் மூன்றாவது மாடியிலிருந்து மெத்தை, தலையணையையெல்லாம் கீழே போட்டுவிட்டுக் குதித்தார். துணியை விரிப்பதற்குள் குதித்துவிட்டார். மறுநாள் அவருடைய பிறந்தநாள். சுவரால் இறந்த முதல் ஆள் அவர்தான்.

இன்னொரு காட்சியைப் படமாகவே எடுத்திருக்கிறார்கள். செப்டம்பர் 24. எழுபத்தேழு வயதுப் பாட்டி ஒருவர் ஜன்னலுக்கு வெளியே தொங்குகிறார். மேலே கிழக்கு ஆட்கள் கையைப் பிடித்து உள்ளே இழுக்கிறார்கள். கீழே மேற்கு ஆள் ஒருவர் எட்டிக் காலைப் பிடித்து இழுக்கிறார். பாட்டி கடைசியில் துணியில் விழுந்து பிழைத்துக்கொண்டார். இரண்டு வல்லரசுகளின் போட்டியைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன். எதுவும் அந்தப் பாட்டியின் உடம்பைப்போல எனக்கு அதை விளக்கியதில்லை.

சுவருக்குக் காரணம் சிக்கலானது இல்லை. 1949-லிருந்து 1961-க்குள் சுமார் 27 லட்சம் பேர் கிழக்கு ஜெர்மனியை விட்டுப் போய்விட்டார்கள். அதில் இளைஞர்கள் ஏராளம், டாக்டர்களும் இன்ஜினீயர்களும் உண்டு. மற்ற எல்லையெல்லாம் மூடியாகிவிட்டது, பெர்லினில் மட்டும் ரயிலேறினால் மேற்கு. அந்த ஓட்டையை அடைத்தார்கள். கிழக்கு அரசு அதற்கு வைத்த பெயர் 'பாசிச எதிர்ப்புப் பாதுகாப்பு அரண்'. ஆனால் காவலர்கள் சுட்டது உள்ளேயிருந்து தப்பி ஓடியவர்களை. மேற்கு வல்லரசுகளும் கண்டித்துப் பேசினவே தவிர, சுவரைத் தொடவில்லை. தொட்டிருந்தால் அணு ஆயுதப் போர் வரை போயிருக்கலாம் என்பது நியாயமான பயம்தான். ஆனாலும் அந்த ஜன்னல்களில் நின்றவர்களை நினைத்தால் மனசு ஆறவில்லை.

புல்வெளி நடுவே சிறிய தேவாலயம் ஒன்று. 1894-ல் கட்டிய பழைய தேவாலயம் இரண்டு சுவர்களுக்கு இடையே மாட்டிக்கொண்டு, கும்பிட ஆளில்லாமல் கிடந்து, 1985-ல் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டது. அதன் பெயர் 'சமரசத் தேவாலயம்'. சுவர் விழ அப்போது ஐந்து வருஷம்கூட இல்லை. இன்றிருப்பது களிமண்ணை இடித்து இறுக்கி எழுப்பியது. பழைய கட்டடத்தின் இடிபாடுகளையும் மண்ணோடு சேர்த்துக் குழைத்திருக்கிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் உடைந்த செங்கல் துண்டுகள் தெரிகின்றன. விரலால் தடவினால் நெருடுகிறது. வெளியே, காவலர்கள் ரோந்து போன அதே மண்ணில் கம்புப் பயிர் போல உயரமான ரை தானியம் காற்றில் சாய்ந்துகொண்டிருந்தது.

மாலை ஸ்ப்ரீ ஆற்றங்கரைக்கு, ஓபர்பாம் பாலத்துப் பக்கம் போனோம். அங்கே மேற்குக் கரை வரைக்கும் தண்ணீர் முழுக்கக் கிழக்குக்குச் சொந்தம். கரையில் விளையாடி உள்ளே விழுந்த பிள்ளைகளை எடுக்க மேற்குப் பக்கத்து ஆட்கள் இறங்க முடியாது. 1966-லிருந்து 1975-க்குள் ஐந்து குழந்தைகள் அப்படி மூழ்கின. கடைசிக் குழந்தை, பந்தை எடுக்கப் போய் விழுந்த ஒரு துருக்கிக் குடும்பத்துப் பையன். அன்று அவனுக்கு ஐந்தாவது பிறந்தநாள். அதற்குப் பிறகுதான், அந்த வருஷம் அக்டோபரில், தண்ணீரில் விழுந்தவர்களைக் காப்பாற்றுவது பற்றி இரு தரப்பும் ஒப்பந்தம் போட்டன.

என் மகள் கரையோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் கையை விடவில்லை.