பெயர் இல்லாத கேன்கள்

நகராட்சி வண்டிகளை நிறுத்திப் பழுது பார்க்கும் பணிமனை அது. அதன் பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகை. குடிநீர், சுகாதாரம், தெருவிளக்கு, வண்டிப் பிரிவு என்று எல்லோரும் மிஞ்சிய ரசாயனங்களை அங்கே கொண்டுவந்து போடுவார்கள். எடுத்துப் போவதற்கு மட்டும் யாரும் வரமாட்டார்கள். அதை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. கூட நான்கு பணியாளர்கள், ஓய்வுபெற ஆறு மாதமே இருந்த ஸ்டோர் கீப்பர் ஒருவர்.

முதல் நாள் நாங்கள் உள்ளே போகவில்லை. கதவுகளைத் திறந்துவைத்துவிட்டுக் காற்றோட்டத்துக்காகக் காத்திருந்தோம். வாசலில் நின்று பார்த்தபோதே கிழிந்த பிளீச்சிங் பவுடர் மூட்டைகளும், கைக்கெட்டும் தூரத்தில் பேட்டரி ஆசிட் கேன்களும் தெரிந்தன. ஒரு கேன் கசிந்து, சிமெண்ட் தரை பொரிந்துபோயிருந்தது. அந்த ஆசிட் இன்னும் கொஞ்சம் ஓடிப் பவுடரைத் தொட்டிருந்தால் குளோரின் வாயு கிளம்பியிருக்கும். காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனமானது அது. தரையோடு பரவும். குனிந்து வேலை செய்கிறவர் முகத்தில்தான் முதலில் அடிக்கும். மூட்டைகளுக்கு அந்தப் பக்கம் பழைய பிரேக் ஆயில் டப்பாக்கள். வீரியமுள்ள பவுடரில் பிரேக் ஆயில் கலந்தால் தீக்குச்சி தேவையில்லை, தானாகவே பற்றிக்கொள்ளும்.

"இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையே சார்" என்றார் பணியாளர்களில் ஒருவர். என்னை அதிகம் பயமுறுத்தியது அந்தப் பேச்சுதான்.

ஆசிட் கேன்களைத்தான் முதலில் வெளியேற்றினோம். கண்ணாடி, ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, ஒவ்வொரு கேனையும் பிளாஸ்டிக் தட்டில் வைத்து நகர்த்தினோம். சிந்திய இடத்தில் கொட்ட ஒருவர் மரத்தூள் மூட்டையோடு வந்தார். எண்ணெய் சிந்தினால் மரத்தூள் போட்டுப் பழகியவர். தடுத்து நிறுத்தி, காய்ந்த மணலைக் கொண்டுவரச் சொன்னேன். பிளீச்சிங் பவுடர் கிடக்கும் இடத்தில் மரத்தூள் என்பது தீக்கு விறகு. பவுடரையும் தண்ணீர் விடாமல், ஈரம் படாமல் காய்ந்த பிளாஸ்டிக் முறத்தில்தான் அள்ளினோம். இரண்டு நாளில் முடியும் என்று நினைத்த வேலை ஐந்து வாரம் இழுத்தது.

நேரத்தைத் தின்றவை பெயர் இல்லாத கேன்கள்தான். லேபிள் உரிந்தவை, வேறு எதற்கோ வாங்கிய டப்பாவில் ஊற்றி வைத்தவை. ஸ்டோர் கீப்பர் அண்ணன் ஒரு மூடியைத் திருகி மோந்து பார்க்கப் போனார், கையைப் பிடித்துக்கொண்டேன். "மோந்து பாக்க வேண்டாம்ணே, ஞாபகத்துல இருந்து சொல்லுங்க" என்றேன். சொன்னார். எது எந்த வருஷம் வந்தது, எந்தப் பிரிவு எதற்காக வாங்கியது, மிச்சம் ஏன் திரும்பி வந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். பதிவேட்டில் ஒரு வரிகூட இல்லாத விவரங்கள். ஆறு மாதம் கழித்து இந்த வேலை தொடங்கியிருந்தால் அத்தனையும் அவரோடு வீட்டுக்குப் போயிருக்கும்.

அவராலும் சொல்ல முடியாதவை ஒன்பது. அவற்றில் ஒரு டிரம்மின் மூடி புடைத்திருந்தது. உள்ளே அழுத்தம் ஏறிய டிரம்மைத் தொடவே கூடாது. சுற்றிலும் கயிறு கட்டிவிட்டு, அபாயக் கழிவு கையாள உரிமம் பெற்றவர்கள் வரும்வரை அந்தப் பக்கம் யாரையும் விடவில்லை.

இதற்கு நடுவில்தான் அது நடந்தது. மத்தியானம் கை கழுவ ஒருவர் ஜன்னல் திட்டில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தார். "அது தண்ணி இல்ல!" என்று அண்ணன் போட்ட சத்தத்தில் அப்படியே வைத்துவிட்டார். பேட்டரிக்கு ஊற்ற யாரோ எடுத்துவைத்த ஆசிட். நிறம் இல்லை, லேபிள் இல்லை. இன்றைக்கும் குடிக்கும் பாட்டிலில் வேறு எதையாவது ஊற்றி வைப்பவரைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

அப்புறம் மற்றவை சீக்கிரம் நடந்தன. டியூப்லைட்டுகளை, உள்ளே பாதரசம் இருப்பதால் உடையாமல் பெட்டியில் அடுக்கினோம். 200 லிட்டர் கழிவு எண்ணெய் டிரம்களைச் சுற்றிக் கரை கட்டினோம். ஒரு டிரம் முழுவதும் கொட்டினாலும் உள்ளேயே நிற்க வேண்டும், அதற்கு மேல் பத்து சதவீதம் இடமும் வேண்டும்; அதாவது 220 லிட்டர்.

எல்லாவற்றுக்கும் லேபிள் ஒட்டி முடித்த அன்று, நான்கு பேரில் இருவருக்குப் படிக்கத் தெரியாது என்பது தெரியவந்தது. சிவப்புச் சாய்சதுரத்துக்குள் தீ, மண்டை ஓடு, கையை அரிக்கும் திரவம் என்று உலகம் முழுக்கப் பயன்படும் படக்குறிகள் இருக்கின்றன. பெரிதாக அச்சடித்து ஒட்டி, ஒவ்வொன்றாக உட்கார்ந்து பேசினோம். மூன்று வாரம் கழித்து, ஆசிட் பாட்டிலைக் கையில் எடுத்த அதே மனிதர் என் மேஜைக்கு வந்தார். தெருவிளக்குப் பிரிவிலிருந்து ஒரு கேன் வந்திருக்கிறதாம்.

"படம் எதுவும் இல்ல சார். நான் உள்ள எடுக்கல, வெளியவே நிறுத்தி வச்சிருக்கேன்."

எழுந்து அவர்கூடப் போனேன்.