பச்சையில் இருந்த அலைன்மென்ட்டும் பிடித்துக்கொண்ட போல்ட்டுகளும்

போன வருடம் இங்கே இங்கிலாந்தில் 2001 மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5 ஒன்றைப் பழையதாக வாங்கினேன். ரவுண்டானாவில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முன்பக்கம் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்பும். சக்கரக் கோணங்களைச் சரிபார்க்கும் அலைன்மென்ட்டுக்காக டயர் கடை ஒன்றில் காட்டினேன். முன்பக்க டோவை (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் தொட்டுவிட்டு, எல்லாம் பச்சையில், அதாவது அனுமதித்த அளவுக்குள், இருக்கிறது என்று தாளைக் கையில் கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து தாளைப் பார்த்தால் முன் கேம்பர் (சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் கோணம்; மேல்பாகம் உள்ளே சாய்ந்தால் மைனஸ்) இடது பக்கம் கிட்டத்தட்ட பூஜ்யம், வலது பக்கம் மைனஸ் ஒரு டிகிரிக்குப் பக்கம். இரண்டும் பச்சைதான்!

இந்த வண்டியில் நாலு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன், அதாவது சக்கரத்தை மேலும் கீழும் இரண்டு கைகள் பிடித்திருக்கும் சஸ்பென்ஷன்; கீழ்க் கைகளில் மொத்தம் 8 கேம் போல்ட் (திருப்பினால் கையை நகர்த்தும் போல்ட்). அதைத் திருப்பினால்தான் கேம்பர், காஸ்டர் (முன் சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்), பின்பக்க டோ எல்லாம் மாறும். ஆனால் குளிர்காலத்தில் சாலையில் உப்புக் கொட்டுகிற ஊரில் இருபது வருடம் ஓடிய வண்டியில் அது எங்கே திரும்பும்? ஒரு வாரம் தினமும் துரு எண்ணெய் அடித்ததில் ஆறு அசைந்தன, பின் இடது பக்கத்து இரண்டும் கையின் முனையில் இருக்கும் ரப்பர் புஷ்ஷின் இரும்புக் குழாயோடு ஒட்டிக்கொண்டு, சூடு காட்டியும் நீளமான கம்பி போட்டுத் தொங்கியும் மசியவில்லை, கடைசியில் ரம்பத்தால் அறுத்தோம். போல்ட்டோடு புஷ்ஷும் போனது.

அப்புறம் சின்ன கராஜ் ஒன்றில், கூடவே நிற்கவிடும் ஆளாகப் பார்த்துப் பிடித்தேன். முன் கேம்பர் மைனஸ் 1, காஸ்டர் 5, டோ பூஜ்யம்; பின்னால் மைனஸ் ஒன்றரை, கொஞ்சம் டோ-இன் (சக்கரங்களின் முன்பக்கம் உள்ளே திரும்பியிருப்பது). வளைவில் வண்டி சாயும்போது வெளிப்பக்க டயர் தன் தோள்பட்டையில், அதாவது ஓர விளிம்பில், ஏறிவிடும், மேல்பாகம் முன்கூட்டியே உள்ளே சாய்ந்திருந்தால் அந்த நேரத்தில் டயர் தரையில் பட்டையாக உட்காரும், அதற்குத்தான் இவ்வளவும். முன்னால் டோ-அவுட் (சக்கரங்களின் முன்பக்கம் வெளியே திரும்பியிருப்பது) வைத்தால் இன்னும் சுருக்கென்று திரும்பும் என்றார், நெடுஞ்சாலையில் அலையும் வண்டியோடு மல்லுக்கட்ட எனக்குப் பொறுமை இல்லை.

ஓட்டுநர் எடை இல்லாமல் அளந்தால் கணக்கு தப்பும் என்பதால் சீட்டில் 20 கிலோ பொன்னி அரிசி மூட்டை மூன்று, மேலே 10 கிலோ ஒன்று. அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேம்பர், காஸ்டர் முதலில், டோ கடைசியில், ஏனென்றால் அந்த இரண்டையும் தொட்டாலே டோ நகர்ந்துவிடும். போல்ட்டுகளை வண்டி சக்கரத்தில் நிற்கும்போதுதான் இறுக்கினார், தூக்கி வைத்து இறுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டே நிற்குமாம். இவ்வளவு பார்த்தவர் ஸ்டீயரிங்கை நேராகப் பூட்ட மறந்துவிட்டார். மறுநாள் போய் ஸ்டீயரிங்கை முன் சக்கரங்களோடு இணைக்கும் இரண்டு டை ராடையும் சமமாகத் திருப்பிச் சரி செய்தோம்.

இப்போது அதே ரவுண்டானாவில் கை திரும்பும்போதே மூக்கும் திரும்புகிறது. லாரி ஓடிப் பள்ளமான தடத்தில் மட்டும் லேசாக இழுக்கிறது, அதைப் பொறுத்துக்கொள்கிறேன்.