பால்மரத்துப் பிள்ளைகள் மனாவுஸ் போவதென்றால்

மலேசியாவில் எங்கள் ஊர் சுங்கை சிப்புட் சந்தையில் மீன் வாங்க நின்றால்கூட யாராவது பிடித்துக்கொள்கிறார்கள். "நீதானம்மா அம்மாவ பிரேசிலுக்குக் கூட்டிக்கிட்டுப் போனது? எப்படிப் போறது, என்ன கொண்டு போறது?" மீன்கடையில் நின்றபடி சொல்லி முடிகிற சங்கதி இல்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில், பிரேசிலில் ரியோவை விட்டுவிட்டு அமேசான் காட்டு நகரமான மனாவுஸ் ஏன் என்பது. என் அம்மா 14 வயதில் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டும் உளியைப் பிடித்தவர். இருட்டோடு பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய் நின்று, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டுக்கு இறங்கியவர். கோலகங்சாரில் நில அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேலிக்குள் ஒரு கிழட்டுப் பால்மரம் நிற்கிறதே, 1877-இல் நட்டது, பள்ளிக்கூடத்தில் நம்மையெல்லாம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்களே, அதன் பூர்வீகம் அமேசான் காடு. 1876-இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலின் சந்தாரெங் ஊர்ப் பக்கத்திலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டனுக்கு ஏற்றிப் போனார். அங்கே கியூ தாவரத் தோட்டத்தில் முளைத்த கன்றுகள் இலங்கை, சிங்கப்பூர் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தன. பின்னாலேயே நம் பாட்டன் பாட்டிகளும் கப்பலேறி வந்தார்கள். அந்த மரத்தின் பிறந்த வீட்டை அம்மாவுக்குக் காட்டவேண்டும் என்பதுதான் என் ஆசை. மனாவுஸ் சின்ன ஊர் இல்லை. காட்டின் நடுவே 20 லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரம்.

கிளம்புவதற்கு முன் கட்டாயமான காரியம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. அங்கே நோய் வராமல் இருக்க மட்டுமல்ல. பிரேசிலிலிருந்து மலேசியாவுக்குத் திரும்பும்போது அந்தச் சான்றிதழை நம் ஆட்களே கேட்பார்கள். பயணத்துக்குக் குறைந்தது 10 நாளுக்கு முன்னால் போட்டிருக்கவேண்டும். ஒரு தடவை போட்டால் ஆயுசுக்கும் செல்லும். 60 வயதைத் தாண்டிய பெற்றோரைக் கூட்டிப் போகிறவர்கள் மட்டும் டாக்டரிடம் நன்றாகக் கலந்து பேசிவிட்டுப் போடுங்கள். அந்த வயதில் ஊசியின் பக்கவிளைவு அபாயம் கொஞ்சம் கூடுதல். அம்மாவுக்கு 59 இருக்கும்போதே நான் அவசரப்பட்டதற்கு அதுதான் காரணம்.

கோலாலம்பூரிலிருந்து நேர் விமானம் கிடையாது. சாவோ பாவ்லோவில் இறங்கி, பெட்டியை எடுத்துச் சுங்கம் கடந்து, மறுபடி உள்நாட்டு விமானத்துக்குப் போடவேண்டும். அதற்கு நாலைந்து மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். அங்கிருந்து மனாவுஸ் இன்னும் சுமார் 4 மணி நேரம். இறங்கியதும் அம்மா கைக்கடிகாரத்தைக் காட்டி, மணியை மாற்றித் தரச் சொன்னார். மாற்றவே வேண்டியதில்லை! நமக்கும் மனாவுஸுக்கும் சரியாக 12 மணி நேர வித்தியாசம். முள் நின்ற இடத்திலேயே நிற்கும், பகல்தான் இரவாகிவிடும்.

மின்சாரம் அங்கே 127 வோல்ட். பிளக்கும் வேறு மாதிரி. கைப்பேசி சார்ஜரில் 100-240 என்று போட்டிருந்தால் பிளக்கை மாற்றும் அடாப்டர் மட்டும் வாங்கினால் போதும். சோறாக்கும் குக்கரைத் தூக்கிப் போகாதீர்கள், அரிசி வேகாது. பணத்துக்கு அட்டை எல்லா இடத்திலும் செல்கிறது. உள்ளூர்க்காரர்கள் கைப்பேசியில் பிக்ஸ் என்ற முறையில் கட்டுவார்கள். அது நமக்கு வாய்க்காது. அதனால் சில்லறை நோட்டுகள் கொஞ்சம் கையில் இருக்கட்டும். தெருவில் கைப்பேசியை நீட்டிப் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள். துறைமுகப் பக்கம் இருட்டினபின் நடை வேண்டாம், விடுதியிலிருந்தே கார் அழைத்துக்கொள்ளுங்கள்.

பாஷையை நினைத்து யாரும் பயப்படவேண்டாம். அங்கே பேசுவது போர்த்துகீசியம், ஆங்கிலம் அதிகம் செல்லாது என்பது உண்மைதான். ஆனால் போர்த்துகீசியர் நம் வாயில் விட்டுப்போன சொற்களே பாதி வழி கொண்டுபோய்ச் சேர்க்கும். மேசை அங்கே மெசா. ஜன்னல் ஜனெலா. சாவி ஷாவி. அலமாரி அர்மாரியு. மலாயில் நாம் சொல்லும் மெந்தேகாவும் கேஜுவும் அங்கிருந்து வந்தவைதான். விடுதியில் அறைச் சாவியை மறந்துவிட்டு வந்த அம்மா, வரவேற்பில் இருந்த பெண்ணிடம் "சாவி, சாவி" என்றார். அந்தப் பெண் ஒரு நொடியும் யோசிக்காமல் எடுத்துக் கொடுத்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சாப்பாட்டுக்குக் கவலையில்லை. சோறும் பயறும் எங்கேயும் உண்டு. தம்பாக்கி என்ற ஆற்றுமீனைச் சுட்டுத் தருவார்கள், விலா எலும்போடு, கொழுப்பு மணக்க மணக்க. மரவள்ளிக்கிழங்கு மாவை எல்லாவற்றின் மேலும் தூவிக்கொள்கிறார்கள். சாயங்காலம் தெருவோரத்தில் தக்காக்கா என்று புளிப்பான சூடு ரசம் ஒன்று குடுக்கைக் கிண்ணத்தில் கிடைக்கும், உலர்ந்த இறால் போட்டு. அதில் மிதக்கும் கீரைக்குப் பெயர் ஜம்பு. நம்மூர் ஜம்புப் பழம் என்று எண்ணிவிடாதீர்கள், நாக்கு மரத்துப் போகும். அம்மாவுக்கு அது பிடித்துவிட்டது, மூன்று நாளும் அதுவேதான். சைவம் சாப்பிடுகிறவர்கள் 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் போதாது. கோழியையும் மீனையும் தனித்தனியே சொல்லி மறுக்கவேண்டும்.

ஜூலை, ஆகஸ்ட் நல்ல காலம். மழை குறைந்திருக்கும், ஆறும் இன்னும் நிறைந்திருக்கும். ரியோ நெக்ரோ ஆற்றின் கறுப்புத் தண்ணீரும் சொலிமோயிஸ் ஆற்றின் செம்மண் தண்ணீரும் கலக்காமல் பல கிலோமீட்டர் பக்கம் பக்கமாக ஓடுவதைப் படகில் போய்ப் பார்க்கலாம். படகிலிருந்து கையை நனைத்தால் கறுப்புத் தண்ணீர் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருப்பது தெரியும். 1896-இல் திறந்த தெயாத்ரோ அமசோனாஸ் என்ற நாடக அரங்கையும் பாருங்கள். பால்மரப் பணத்தில் எழுந்தது. நம் பக்கத்துத் தோட்டங்களின் ரப்பர் சந்தைக்குக் குவிந்ததும் 1910-க்குப் பிறகு விலை சரிந்து, அந்த ஊரின் செல்வமும் வடிந்துவிட்டது. பளிங்குத் தூண்களை அண்ணாந்து பார்த்தபடி அம்மா வெகுநேரம் பேசவில்லை.

எதை விட்டாலும் ரப்பர் அருங்காட்சியகத்தை விடாதீர்கள். மரினா தோ தாவி படகுத்துறையிலிருந்து சுமார் அரை மணி நேரம். திறந்திருக்கும் நாளையும், திரும்பும் படகு எப்போது என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். படப்பிடிப்புக்காகக் கட்டிய இடம்தான் என்றாலும் முதலாளி வீடு, கடை, தொழிலாளி குடிசை, பால் புகைபோடும் கொட்டகை எல்லாம் அப்படியே இருக்கின்றன. அங்கே மரங்கள் நிரை நிரையாக நிற்பதில்லை. காட்டுக்குள் ஒன்று இங்கே, ஒன்று அங்கே. நெருக்கி நட்டால் இலைக்கருகல் நோய் கொன்றுவிடுமாம். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு விடியுமுன்னே நடந்தவர்கள் அவர்கள். அம்மா மரத்தைத் தடவிப் பார்த்து, "வெட்டுக் கோட்டை ரொம்ப ஆழமா போட்டிருக்கான், பட்டை காயம்பட்டிருக்கு," என்றார்.

கடைக்குள் வழிகாட்டி ஒரு கணக்குப் புத்தகத்தைக் காட்டினார். அரிசி, உப்பு, துணி, கத்தி எல்லாம் முதலாளியிடம் கடன். எடுத்த பாலில் கழித்தும் தீராத கடன். கைப்பேசியில் மொழிபெயர்த்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்த அம்மா, "இந்தக் கொப்பி எங்க தோட்டத்துக் கடையிலயும் இருந்துச்சு. தாத்தா பேரு மூணாவது பக்கத்துல," என்றார்.